பழைய வளவுகளில் டிடெக்டரால் நாணயம் தேடலாமா? மட்டக்களப்பு, அம்பாறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய பண்ணைவீடுகளைச் சுற்றி, மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைக் காட்டும் டிடெக்டர் கருவியுடன் நடந்து வெள்ளிக்காசு எடுப்பவர்களின் காணொளிகள் இப்போது எல்லாருடைய கைப்பேசியிலும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்த இளைஞர்கள், "எங்கள் பாட்டனாரின் வளவு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சும்மா கிடக்கிறது, நாமும் தேடிப் பார்த்தால் என்ன?" என்று கேட்கிறார்கள். நாணயம் சேர்ப்பவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் திரும்பத் திரும்ப வருகிறது. ஆர்வத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த நாடுகளின் சட்டமும் மண்ணும் வேறு, நம்முடையவை வேறு. தெரியாமல் இறங்கிப் பிள்ளைகள் மறியலுக்குப் போகக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உறுதிக்காணி, என் பெயரில் இருக்கிறது. என் காணியை நான் தோண்ட யாரிடம் கேட்க வேண்டும்?

கிணறு வெட்டவும் அத்திவாரம் எடுக்கவும் தோட்டம் கொத்தவும் தோண்டலாம். தொல்பொருள் கண்டெடுக்கும் நோக்கத்தோடு தோண்டுவது வேறு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அந்த நோக்கத்தில் எவரும் அகழக்கூடாது. சொந்தக் காணியாக இருந்தாலும் இதுவே விதி. மண்ணுக்குள் கண்டுபிடிக்கப்படாமல் கிடக்கும் தொல்பொருள் அரசின் உடைமை. காணி உங்களுடையது என்பதால் அதுவும் உங்களுடையதாகிவிடாது. 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டதாகக் கருதத்தக்க பொருட்களைச் சட்டம் தொல்பொருள் என்கிறது, அந்தப் பட்டியலில் நாணயமும் அடங்கும். கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன ஒப்பந்த நாள் அது.

1998ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. பிணை எளிதில் கிடைக்காத குற்றங்களில் அனுமதியின்றி அகழ்வதும் ஒன்று.

1815க்குப் பிந்திய காசுகளை மட்டும் தேடினால் சட்டச் சிக்கல் இல்லையே?

கருவிக்கு ஆண்டு தெரியாது. விக்டோரியா மகாராணியின் ஒரு சதமும் ஒல்லாந்தர் காலத்துச் செப்புக்காசும் அதற்கு ஏறக்குறைய ஒரே ஒலிதான். மண்ணைக் கிண்டிக் கையில் எடுத்த பிறகே எது என்று உங்களுக்குத் தெரியும், அதற்குள் அகழ்வு நடந்து முடிந்துவிட்டது. "நான் புதிய காசைத்தான் தேடினேன்" என்று பழைய வீட்டு மேட்டில் குழிகளுக்கு நடுவே நின்று பொலிஸாரிடம் சொல்லிப் பயனில்லை. ஆகவே என் பதில் நேரானது: பழைய வளவு, கைவிடப்பட்ட வாடி (வயல் குடிசை), கோயில் வெளி, குளக்கட்டு ஆகிய இடங்களில் நாணயம் தேடி டிடெக்டர் பிடிக்காதீர்கள்.

அப்படியானால் டிடெக்டர் வைத்திருப்பதே குற்றமா?

முற்றத்தில் தவறிய மோதிரத்தைத் தேடவும், மண்ணுக்குள் போன இரும்புக் குழாய் எங்கே போகிறது என்று பார்க்கவும் பயன்படும் கருவிதான் அது. ஆனால் புதையல் தோண்டியவர்கள் கைதான செய்திகளில் 'ஸ்கேனர் இயந்திரமும் மீட்கப்பட்டது' என்ற வரி அடிக்கடி வருவதைப் பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுவர நினைத்தால், பணம் கட்டுவதற்கு முன் சுங்கத் திணைக்களத்திடமும் பாதுகாப்பு அமைச்சிடமும் அனுமதி பற்றி எழுத்தில் கேளுங்கள். விமான நிலையத்தில் பறிகொடுத்துவிட்டுக் கேட்பதில் பயனில்லை.

கருவி எப்படி வேலை செய்கிறது? நம் மண்ணில் சரியாகச் செய்யுமா?

வட்டத் தட்டுக்குள் இருக்கும் கம்பிச்சுருளில் மாறுமின்னோட்டம் பாய்ந்து ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். அந்தப் புலத்துக்குள் உலோகம் அகப்பட்டால் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழும், அது உண்டாக்கும் சிறு எதிர்ப்புலத்தை இன்னொரு சுருள் பிடித்து ஒலியாக்கும். காசு அளவுள்ள பொருளைச் சாதாரணக் கருவி ஒரு சாண் ஆழம்வரை பிடிக்கலாம். 'பத்தடிக்குக் கீழே உள்ள தங்கத்தைக் காட்டும்' என்று சொல்லி விற்பவனை நம்ப வேண்டாம்.

வாவிக்கரையின் உவர்மண் ஈரமாக இருக்கும்போது தானே மின்சாரம் கடத்தும். கிறவல் மண்ணில் இரும்புத்தாது அதிகம். இரண்டுமே பொய் ஒலி தரும். அதற்கு மேல் சோடா மூடி, சிகரட் பெட்டியின் வெள்ளித்தாள், கூரை ஆணி, தகரத் துண்டு, வெற்றுத் தோட்டா. நம் ஊர் வளவொன்றில் ஒலி கேட்ட இடமெல்லாம் தோண்டினால் மாலைக்குள் கையில் இருப்பது பெரும்பாலும் துருப்பிடித்த ஆணிதான்.

கண்ணிவெடி பயம் இன்னும் இருக்கிறதா?

மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடியற்றது என 2017இல் அறிவிக்கப்பட்டது. ஆயினும் யுத்த காலத்தில் விழுந்து வெடிக்காமல் போன எறிகணையும், அவசரத்தில் புதைத்துவிட்டுப் போன கைக்குண்டும் இன்னும் எங்கேனும் தலைகாட்டலாம். பழைய காவலரண் இருந்த இடம், அதையொட்டிய கைவிடப்பட்ட வீடு, எல்லைப்புற வயல் என்பன இதில் சேரும். ஆட்களுக்கு எதிரான கண்ணிவெடிகள் சில முழுக்கப் பிளாஸ்டிக் உடல் கொண்டவை, அவற்றில் உலோகம் மிகக் குறைவு. பொழுதுபோக்குக் கருவி அதைக் காட்டாமலே விட்டுவிடும். காட்டினாலும், காசு என்று நினைத்து மண்வெட்டியைப் போடுவது யார்? நீங்கள்தான். இனந்தெரியாத இரும்பு எதையும் தொடாதீர்கள், இடத்தை அடையாளப்படுத்திவிட்டு விலகி நின்று 119க்குச் சொல்லுங்கள்.

தேடக்கூடாது, சரி. ஆனாலும் ஒரு பழைய வளவில் காசு எங்கே கிடக்கும்?

இதை அறிந்திருப்பது நல்லது. அத்திவாரமோ கிணறோ மலசலகூடக் குழியோ வெட்டும்போது எங்கே கண் வைக்க வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

நம் பகுதி வளவுக்கு ஒரு குணம் உண்டு. மகளுக்குச் சீதனமாக வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் அதே வளவிலோ பக்கத்திலோ இன்னொரு வீடு கட்டிக்கொண்டு போவது வழக்கம். அடுத்த மகளுக்கு அடுத்த வீடு. ஆகையால் ஒரே வளவில் மூன்று நான்கு வீட்டு மேடுகள் ஒன்றுக்கொன்று அருகிலும் ஒன்றின்மேல் ஒன்றாகவும் இருக்கும். இப்போது நிற்கும் கல்வீட்டை மட்டும் பார்த்துவிட்டுப் 'பழைய வீடு இதுதான்' என்று எண்ணக்கூடாது.

களிமண் சுவரும் சாணி மெழுகிய தரையுமாக இருந்த வீடுகளில் தவறிய காசு தரையிலேயே அமிழ்ந்துவிடும். அடுத்த மெழுகலில் மூடுண்டு போகும். திண்ணை ஓரம், வாசற்படியின் கீழ், உரல் கிடந்த இடம், கிணற்றடி, வெற்றிலைத் தட்டத்தோடு பெரியவர்கள் குந்தியிருந்த மர நிழல் ஆகியவை காசு தவறும் இடங்கள். மடியிலும் முந்தானையிலும் முடிந்து வைத்த காசு, ஆள் குனியும் இடத்திலும் உட்கார்ந்து எழும்பும் இடத்திலும்தான் விழும். வாவியைக் கடக்கும் தோணித்துறைகளையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தவறி விழாமல், வேண்டுமென்றே வைக்கப்பட்டதும் உண்டு. அத்திவாரக் கல் நாட்டும்போதும் கதவுநிலை வைக்கும்போதும் நவதானியத்தோடு காசு இடுவது வழக்கம். பழைய நிலையைக் கழற்றுகிறீர்கள் என்றால் கூலிக்காரரிடம் விட்டுவிடாமல் பக்கத்தில் நில்லுங்கள். அந்தக் காசின் ஆண்டு, வீடு கட்டிய காலத்தை ஏறக்குறையச் சொல்லிவிடும். வீட்டின் பிறப்புச் சாட்சி அது, என் கண்ணில் அலுமாரிக்குள் இருக்கும் எந்த வெள்ளிக்காசையும் விட மேலானது.

வயல் பக்கம் வேறு கதை. வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) இருந்த வாடிகளிலும் சூடடிக்கும் களவெட்டியிலும் காசு நிறையக் கிடக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். பெருநிலக்காரரான போடியார் காலத்து வேளாண்மையில் கூலி பெரும்பாலும் நெல்லாகவே அளக்கப்பட்டது. மரைக்கால், அவணம் என்ற நெல் அளவைகள் புழங்கிய இடத்தில் காசுக்கு வேலை குறைவு. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் 1949இல் தொடங்கிய பிறகு அம்பாறைப் பக்கத்தில் பெருமளவு காணி சமன்படுத்தப்பட்டது, வாய்க்கால் வெட்டிய மண் இங்கிருந்து அங்கே போனது. 1957 வெள்ளமும் 1978 நவம்பர்ச் சூறாவளியும் தம் பங்குக்கு எல்லாவற்றையும் கலைத்தன. வயலில் அகப்பட்ட காசு அங்கேதான் விழுந்தது என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

என்னென்ன காசுகள் அகப்படலாம்? பார்த்தவுடன் எப்படி அறிவது?

அதிகமாகக் கையில் வருவது பிரித்தானியர் காலச் சதங்கள். இலங்கையில் ரூபாய்–சதக் கணக்கு 1872இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் காசுகளில் 1870 முதலான ஆண்டுகள் பொறிக்கப்பட்டன: கால் சதம், அரைச் சதம், ஒரு சதம், பெரிய ஐந்து சதம், நான்கும் செப்பு. ஒரு பக்கம் விக்டோரியாவின் தலை, மறுபக்கம் பனையினத்து நெடிய மரம், மரத்தின் இருபுறமும் சிங்களமும் தமிழும். வெள்ளியில் பத்து, இருபத்தைந்து, ஐம்பது சதங்கள் 1892இல் வந்தன. மூலை மழுங்கிய சதுர ஐந்து சதம் 1909இல், அலைவிளிம்புள்ள இரண்டு சதமும் பத்துச் சதமும் 1944இல். எலிசபெத் அரசியின் தலை நீங்கி இலச்சினை வந்தது 1963இல்.

வெள்ளி ரூபாய் கிடைத்தால் பலர் 'இலங்கை ரூபாய்' என்று எழுதி வைக்கிறார்கள். 1957 வரை இலங்கைக்கென ரூபாய் நாணயம் அடிக்கப்படவில்லை, இந்திய வெள்ளி ரூபாயே இங்கும் ரூபாயாகச் செல்லுபடியானது. உங்கள் கையிலிருப்பது விக்டோரியாவோ எட்வேர்ட்டோ ஐந்தாம் ஜோர்ஜோ பொறித்த ரூபாய் என்றால் அது இந்திய நாணயசாலையில் பிறந்தது. நிறை ஒரு தோலா, அதாவது ஏறக்குறைய 11.66 கிராம்.

அதற்கு முந்தியது சற்றுக் குழப்பமான காலம், எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். பிரித்தானியர் இலங்கைக்காகவே கால் பார்திங் என்றொரு காசை 1839இலும் 1851 முதல் 1853 வரையும் வெளியிட்டார்கள். பார்திங் என்பதே ஒரு பென்னியில் நாலில் ஒன்று, அதிலும் நாலில் ஒன்று இது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. கழுவிய மண்ணைச் சல்லடையில் போட்டால் இது ஓட்டை வழியே போய்விடும். யானை பொறித்த செப்புக்காசுகள் இதற்கும் முந்தியவை. இறைடாலர் என்ற பழைய நாணயக் கணக்கு நடந்த 1801 முதல் 1815 வரையான ஆண்டுகள் அவற்றில் இருக்கும். யானையைக் கண்டால் ஆண்டைப் பாருங்கள், சட்டம் சொல்லும் எல்லை அந்தக் காசுகளைத் தொட்டுக்கொண்டு போகிறது. 1821இன் வெள்ளி இறைடாலரிலும் யானை உண்டு.

ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து 1638இல் பிடித்தார்கள். அவர்களுடைய VOC வணிகக் கம்பனியின் 'துயிட்' செப்புக்காசில் ஒரு பக்கம் V என்ற பெரிய எழுத்தின் இரு கால்களிலும் O, C கோத்த முத்திரை, கீழே ஆண்டு. மறுபக்கம் ஒல்லாந்து, சேலாந்து, ஊட்ரெக்ட் போன்ற மாகாணம் ஒன்றின் கேடயச் சின்னம். வெள்ளவெளிப் பக்கத்திலிருந்து ஒருவர் கொண்டுவந்து காட்டிய காசில் முத்திரையின் ஒரு காலும் ஆண்டின் கடைசி இலக்கம் 6உம் மட்டுமே மிச்சம். கத்தரிப் பாத்தி கொத்தும்போது வந்ததாம். சாய்வான வெளிச்சத்தில் பிடித்துச் சுழற்றியபோது கேடயத்துள் அலைமேல் எழும் சிங்கத்தின் பிடரி மெல்லத் தெரிந்தது: சேலாந்தின் சின்னம். தேய்ந்த காசை நேர் வெளிச்சத்தில் பார்க்காதீர்கள், பக்கத்திலிருந்து வெளிச்சம் விழட்டும். இலங்கையிலேயே அடித்த தடித்த 'ஸ்டூவர்' காசுகளில் முத்திரைக்கு மேல் ஓர் எழுத்து இருக்கும். கொழும்புக்கு C, காலிக்கு G, யாழ்ப்பாணத்துக்கு I, திருகோணமலைக்கு T.

இன்னும் பழையவை: நிற்கும் உருவமும் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்ற பெயரும் கொண்ட சோழர் செப்புக்காசு, அதே வடிவைப் பின்பற்றிப் பொலன்னறுவை அரசர்கள் தம் பெயரில் அடித்தவை, நந்தியின் கீழே தமிழில் 'சேது' என்று பொறித்த யாழ்ப்பாண அரசரின் காசு, நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளின் சிறிய உரோமச் செப்புக்காசு. இவை வந்தால் கையை நிறுத்திவிடுங்கள். ஒரு காசு வந்த இடத்தில் ஒரு குடியிருப்பே இருந்திருக்கலாம்.

காசில் துளை இருந்தால் கெட்டுப்போனது என்று ஒதுக்கவேண்டாம். காசுமாலையில் கோத்ததாகவோ குழந்தையின் அரைஞாணில் கட்டியதாகவோ இருக்கும்.

வேறு வேலைக்காகத் தோண்டும்போது பழைய காசு வந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

தோண்டுவதை அந்த இடத்தில் நிறுத்துங்கள். காசை எடுக்குமுன் ஒரு அளவுகோலையோ தீப்பெட்டியையோ பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். குழியின் பக்கச் சுவரையும் ஒரு படம், வீட்டோடு சேர்ந்து தெரியும்படி தூரத்திலிருந்து ஒரு படம். நிலமட்டத்திலிருந்து எவ்வளவு ஆழம், மண் என்ன நிறம், ஓட்டுத்துண்டோ கரியோ சிப்பியோ கூட வந்ததா என்பதை எழுதி வையுங்கள். காசைவிட இந்தக் குறிப்புத்தான் பெரிது. இடம் தெரியாத உரோமக் காசு உலகமெங்கும் விலைக்கு வாங்கக் கிடைக்கிறது. களுவாஞ்சிக்குடியில் இன்ன வளவில் இன்ன ஆழத்தில் இன்ன ஓட்டோடு கிடந்த உரோமக் காசு நம் கரையின் வரலாற்றில் ஒரு பக்கம்.

தொல்பொருள் என்று ஐயம் வந்தால் தாமதிக்காமல் பொலிஸுக்கோ கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலகத்துக்கோ தொல்பொருள் திணைக்களத்துக்கோ அறிவிக்க வேண்டும். அது சட்டக் கடமை.

அறிவித்தால் காணியைத் தொல்பொருள் இடமென்று அறிவித்துவிடுவார்களே?

இந்தப் பயத்தை நான் தட்டிக்கழிக்கமாட்டேன். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமை முகாமைத்துவத்துக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அந்தக் குழுவில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. அப்படியிருக்க மக்கள் அஞ்சுவதில் வியப்பில்லை. ஆனாலும் மறைப்பது இருமடங்கு கேடு: சட்டத்தின் முன் நீங்கள் குற்றவாளியாவீர்கள், உங்கள் மண்ணின் சான்றும் உங்கள் கையாலேயே அழியும். நம் முன்னோர் இங்கே எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு நம் வளவுகளே சாட்சி. அந்தச் சாட்சியை முறையாகப் பதிவது நமக்கும் நல்லது.

அதனால் எழுத்தில் அறிவியுங்கள். கடிதத்தின் பிரதியில் திகதியும் கையொப்பமும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். காசை ஒப்படைக்கும்போது நிறையும் விட்டமும் படமும் சேர்த்த பற்றுச்சீட்டு கேளுங்கள். காணி உறுதியின் பிரதியை ஆயத்தமாக வைத்திருங்கள், ஐயமிருந்தால் சட்டத்தரணி ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வளவுக்குள் தனியே கிடந்த ஒரு காசும் ஒரு கட்டடச் சிதைவும் ஒன்றல்ல.

புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கிறதே?

குத்துவிளக்குக்குப் புளி, காசுக்கு வேண்டாம். தேசிக்காய், சாம்பல், பற்பசை எதுவும் வேண்டாம். செப்பின் மேல் படிந்த கரும்பச்சைப் படலம்தான் அடியிலுள்ள எழுத்தைக் காத்துக்கொண்டிருக்கிறது. அதை உரித்தால் எழுத்தும் போய்விடும். வடித்த நீரில் ஊறவிட்டு, மெல்லிய தூரிகையால் மண்ணை மட்டும் நீக்கி, நிழலில் நன்றாக உலர்த்துங்கள். உவர்மண்ணிலிருந்து வந்த செப்பில் வெளிறிய பச்சைத் தூள் பூத்து உதிர்ந்தால் அது நோய். உப்பிலுள்ள குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தின்னுகிறது. அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, மருந்துப் போத்தலில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். மாரி காலத்தில் பொட்டலத்தை மாற்ற மறக்கவேண்டாம்.

1818 என்று பொறித்த, ராமர் பட்டாபிஷேகம் உள்ள கம்பனிக் காசு ஒன்று வீட்டில் இருக்கிறது. கோடி பெறுமா?

பெறாது. கிழக்கிந்தியக் கம்பனி அப்படியொரு நாணயத்தை ஒருபோதும் அடிக்கவில்லை. பின்னாளில் செய்து விற்கப்பட்ட பக்தி வில்லை அது, பூசை அறையில் வைத்துக்கொள்ளலாம். 'அரிசியை இழுக்கும் காசு', 'இரிடியம் உள்ள காசு' என்று வந்து முற்பணம் கேட்பவன் மோசடிக்காரன். உடனே பொலிஸில் சொல்லுங்கள்.

புதையலுக்குக் காவல் பூதம் இருக்கிறது, பூசை செய்தால் எடுக்கலாம் என்கிறார்களே?

வளவைத் தோண்டச் சொல்பவரும் பூசைக்குக் காசு வாங்குபவரும் ஒரே ஆளாக இருப்பதைக் கவனியுங்கள். கடன்பட்ட குடும்பங்கள்தான் இதில் அகப்படுகின்றன. குழி வெட்டியவரும் காவல் நின்றவரும் கைதாகிறார்கள்.

கடற்கரையோரத்தில் தேடலாமா?

2004 டிசம்பர் 26 அன்று கல்லாறு, பெரியநீலாவணை, மருதமுனை, கல்முனை, திருக்கோவில் எனக் கரை முழுதும் அலை வீடுகளை அள்ளிக்கொண்டு போனது. அந்த மணலுக்குள் கிடப்பது இறந்தவரின் தாலியாகவும் குழந்தையின் காற்சங்கிலியாகவும் இருக்கலாம். அங்கே கருவியோடு நடப்பதைப் பொழுதுபோக்கு என்று என்னால் சொல்ல முடியாது. எதேச்சையாக ஏதும் அகப்பட்டால் அந்த ஊர்க் கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகத்திடம் காட்டி உரியவரைத் தேடுங்கள்.

1990இல் இடம்பெயர்ந்தபோது அம்மா நகையைப் பானையில் புதைத்தார். அதைத் தேடுவதும் தவறா?

அது உங்கள் குடும்பத்தின் உடைமை, தொல்பொருள் அல்ல. ஆனால் ஊரில் தோண்டும் சத்தம் கேட்டால் ஆயுதம், புதையல் என்று பேச்சு பரவும். ஆகவே கிராம உத்தியோகத்தருக்கும் பொலிஸுக்கும் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட்டுப் பகலில் தோண்டுங்கள். அம்மா உயிரோடு இருந்தால் முதலில் அவரை வளவுக்கு அழைத்துப் போங்கள். வீடு இடிந்திருக்கும், வேலி மாறியிருக்கும், கிணறு மட்டும் அங்கேயே இருக்கும். கிணற்றிலிருந்து எத்தனை காலடி, எந்த மரத்தை நோக்கி என்று அவர் கால் நினைவு வைத்திருக்கும். கருவி உதவக்கூடிய சில இடங்களில் இதுவும் ஒன்று, சட்டப்படி கருவி வைத்திருப்பவரின் துணையோடு மட்டும்.

கிடைத்ததை வெளிநாட்டுக்கு அனுப்பி விற்கலாமா?

தொல்பொருளை அனுமதிப்பத்திரம் இன்றி ஏற்றுமதி செய்வது குற்றம். சாதாரணச் சதங்களுக்கு அங்கேயும் பெரிய விலை இல்லை.

தோண்டாமல் இந்த ஆர்வத்தை எப்படி வளர்ப்பது?

வீட்டிலிருந்தே தொடங்குங்கள். அம்மம்மாவின் பெட்டகத்தின் அடியில், பழைய மண்முட்டியில், தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் கிடக்கும் காசுகளை ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி ஆண்டு வாரியாக அடுக்குங்கள். ஒவ்வொன்றும் யாரிடமிருந்து வந்தது என்று கேட்டு, சொன்னவர் பெயரோடும் திகதியோடும் எழுதுங்கள். கொழும்பில் சதாம் வீதியிலுள்ள மத்திய வங்கியின் அருங்காட்சியகத்தில் நான் மேலே சொன்ன காசுகளில் பலவற்றைக் கண்ணாடிக்குப் பின்னால் நேரில் பார்க்கலாம். போகும்போது உங்கள் காசுகளின் படங்களைக் கைப்பேசியில் கொண்டு போங்கள், ஒப்பிட உதவும். அத்தோடு உங்கள் வளவின் வரைபடம் ஒன்று கீறுங்கள்: எந்த மேட்டில் யாருடைய வீடு இருந்தது, துலாக் கிணறு எங்கே, மாட்டுப் பட்டி எங்கே, வண்டி எந்த வழியாக வந்தது. எழுபது கடந்தவர்கள் இருக்கும்போதே அதைக் கீறி முடிக்க வேண்டும்.